காந்தத்தில் ஒட்டியவை

அமாவாசையை ஒட்டி ஆறு நாள்,
பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள்,
மாதத்தில் அவ்வளவுதான் எங்களுக்குக் கடல்.
மீதி நாள் பாசி வளரட்டும் என்று
சின்னப்பாலத்துப் பெண்கள் நாங்களே போட்ட கணக்கு.
இந்த மாசம் இன்னொரு கணக்கும் சேர்ந்திருக்கிறது:
செவ்வாய்தோறும் சென்னையில்
நம்புவேலின் ரத்தத்தில் எண்ணுகிற வைரஸ்.

போன வாரம் பதினெட்டாயிரம்.
அதற்கு முந்தின வாரம் ஒன்பது.

ஸ்டெம் செல் நான் கொடுத்ததுதான்.
பாதிதான் பொருந்துகிறது என்றார்கள்.
பேச்சு நின்றுபோன மூன்று வருஷத்தை
அந்தப் படிவத்தில் எந்தக் கட்டமும் கேட்கவில்லை.
இன்ஜின் கடன். விடுங்கள்.
ஒட்டிக்கொண்டது.
ஓ பாசிட்டிவாகப் பிறந்தவன்
என் பி பாசிட்டிவுக்கு மாறத் தொடங்கினான்.
அப்போதுதான் அது எழுந்தது.

வெளியிலிருந்து வந்தது இல்லையாம்.
சின்ன வயசிலேயே உள்ளே நுழைந்து
பாரில் கல்லிடுக்கு அஞ்சாளை மாதிரி
இத்தனை காலம் கிடந்திருக்கிறது.
காவல் இருக்கிறவரை தலை நீட்டாது.
என் அணுக்களுக்கு இடம் வேண்டி
அவன் காவலை எல்லாம் மருந்து ஊற்றி அழித்திருந்தார்கள்.
வைரஸுக்கு என்று ஏற்றிய மருந்தோ
வைரஸைக் கொஞ்சம் கொன்றது,
முளைத்து வந்த என்னை அதிகம் கொன்றது.

உங்களுக்கு இந்த வைரஸ் எப்போது வந்தது,
டாக்டர் பெனசீர் கேட்டார்.
வந்ததே எனக்குத் தெரியாது என்றேன்.
உங்கள் ரத்தத்துக்குத் தெரியும், என்றார்.

நாலு மணி நேரம் மெஷினோடு படுத்திருந்தேன்.
ஒரு கையால் போய் மறு கையால் திரும்பியது ரத்தம்,
வாடையில் ஒரு பக்கமும் கச்சானில் மறுபக்கமும்
பாம்பன் கால்வாயில் நீர் இழுப்பது போல.
பிடித்த அணுக்களிடம் வைரஸின் துண்டுகளைக் காட்டுவார்களாம்.
ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ சிலிர்த்து எழும்.
அதுகளின் மேல் மட்டும் இரும்புத் துகளை ஒட்டி
காந்தத்தில் பிடித்துக்கொண்டு
மற்றதை ஓட விட்டுவிடுவார்கள்.
ஏன் விடணும்?
மற்றது உங்கள் தம்பியையே அந்நியன் என்று அடிக்கும், என்றார்.

நான் தரையைப் பார்த்தேன்.
யாரோ ஊரிலிருந்து போன் போட்டு
என்னைப் பற்றிச் சொல்லிவிட்டது மாதிரி இருந்தது.

கடைசியில் ஒரே ஒரு சிரிஞ்சு. இருபது மில்லி.
அரிசி கழுவிய மூன்றாம் தண்ணீர் நிறம்.
நாலு நிமிஷத்தில் ஏறி முடிந்தது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.
தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

இப்போது கழுத்தளவுத் தண்ணீர்.
விரல்களில் துணி சுற்றி, காலில் தகரம் கட்டி,
மூச்சடக்கி முங்குகிறேன்.
கலங்கிப்போனால் கண்ணாடி எதையும் காட்டாது.
கட்டைக்கோரைக்கு நடுவே
எது மரிக்கொழுந்துப் பாசி என்று
எனக்கு எட்டுமுன்னே விரல் எட்டிவிடும்.
அந்தச் சிரிஞ்சில் போனதும் அப்படி விரல்கள்தானோ என்னவோ.
போங்கள், அதை மட்டும் பிடுங்குங்கள்,
அவனை விட்டுவிடுங்கள்
என்று தண்ணீருக்குள் சொன்னேன். குமிழிதான் வந்தது.

ஒரே சேமியா ஐஸை
மாற்றி மாற்றிச் சப்பி வளர்ந்தவர்கள் நாங்கள்.
அவனுக்கு இதைக் கொடுத்ததே நானாக இருக்குமோ?
இருக்கலாம், என்றார் டாக்டர்.
உங்களுக்கு அவர் கொடுத்ததாகவும் இருக்கலாம்.

கரையில் பிளாஸ்டிக் பைக்குள் இருந்த போனை
மாரிக்கண்ணு தூக்கிக் காட்டினாள்.
பாறையில் முட்டியைக் கிழித்துக்கொண்டு ஏறினேன்.
நர்ஸ் அனுப்பியது: ஏழாயிரத்து இருநூறு.
அதற்குக் கீழே, மூன்று வருஷமாக
வெறுமையாகக் கிடந்த அவன் எண்ணிலிருந்து:
உள்ளங்கை எல்லாம் செவந்து அரிக்குது.
களிம்பு குடுத்திருக்காக.
உன் வேலையா?

ஆமா, என்று அடித்தேன்.
ஊறிச் சுருங்கிய விரலை
போன் அடையாளம் கண்டுகொள்ளவில்லை.
பாவாடையில் துடைத்துவிட்டு
மறுபடி அடித்தேன்.